கண்ணாடியைக் கழற்றுகிற இடம்

பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, மனுஷன் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றாத வரைக்கும் சரி. ஞானசொர்ணம் மூன்றாவது வரிசையில் ஓரமாக, மருமகள் கொடுத்த உப்பிப்போன கறுப்புக் குளிர்ஜாக்கெட்டுக்குள் மெத்தையைச் சுற்றிக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்து, மேடையில் நிற்கிற தன் புருஷனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரிசா மலைக்காட்டில் முப்பத்தெட்டு வருஷமாக மிஷனரி ஊழியம் செய்கிற ஜெபசிங், மகனைப் பார்க்க டிசம்பர் லீவுக்குக் கனடா வந்த இடத்தில் சும்மா இருப்பாரா, இருக்கத்தான் விடுவார்களா? வெள்ளைக்காரர்கள் காலையில் ஆராதனை முடித்துப் போன கோயிலை மத்தியானம் இரண்டு மணிக்கு வாடகைக்கு எடுத்து நடத்துகிற தமிழ்ச் சபை. கிறிஸ்மஸ் முடிந்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஐயா ஒரு பதினைந்து நிமிஷம் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லட்டும் என்றார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் ஏறாது என்பதால், அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, பக்கத்தில் நிற்கிற மகன் கிளாட்சன் அதை இங்கிலீஷில் சொல்கிறான். கரடிக் கதை முடிந்துவிட்டது. கரடி துரத்தினதும் இவர் ஏறின மரத்தில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததும் சொன்னபோது சிரிப்புகூட இரண்டு தவணையாக வந்தது, பெரியவர்கள் முதலில், பிள்ளைகள் பிறகு. கரடிக்குப் பிறகு காணாமல்போன சைக்கிள். சைக்கிளுக்குப் பிறகு தனக்கு வந்த மலேரியா. அப்புறம்தான் அந்த இடம். அந்த இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார், ஜிப்பா நுனியில் இரண்டு கண்ணையும் துடைப்பார், கண்ணாடியின் கண்ணை, தன் கண்ணை அல்ல, குரலை ஒரு படி இறக்கி, எங்களுக்கு பியூலா என்று ஒரு மகள் இருந்தாள் என்பார். எத்தனை ஊரில் கேட்டிருக்கிறாள். நாசரேத்தில், சாயர்புரத்தில், மதுரையில், சென்னையில் பந்தல் போட்ட பெருங்கூட்டத்தில், ஒரு தடவை ரயில் பெட்டியில்கூட. இங்கே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்குக்குத்தான் அவள் இந்த ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

வாக்கு என்றால் லேசில் கொடுத்த வாக்கா? அக்டோபர் மாசம், ஒரிசாவில் அவர்கள் நடத்துகிற ஹாஸ்டல் அடுக்களையில், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சொர்ணம், கிளாட்சன் டிக்கெட் போடட்டுமான்னு கேக்கான்" என்றார். நான் வரலை என்றாள். கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே வர? அவர் கெஞ்சினார். மகன் என்றார், பேத்தி என்றார், நமக்கும் வயசாகுது என்றார். அவள் பூசணியை வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்பன் செத்த வருஷம், பத்து வயசில், கருப்பட்டிக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு சாத்தான்குளம் சந்தையில் உட்கார்ந்தவள் அவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பாக்கிப் படிப்பெல்லாம் அந்தச் சந்தையில்தான். ஏமாந்து படித்தாள், அடி வாங்கிப் படித்தாள். எதிராளிக்கு அவசரம் என்று தெரிந்தால் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவன் தானாக இறங்குவான். அந்தப் படிப்பை வைத்துத்தான் ஒரிசா வாரச் சந்தையில் அரிசிக்காரனை அழவைத்தாள், ஜீப்பைப் பிடித்துவைத்த வனக்காவலனிடம் ஒரு சேவலுக்கு ஜீப்பை மீட்டாள், போன வாரம் இங்கே கடையில் பொத்தான் அறுந்திருக்கிறது என்று காட்டி ஒரு கம்பளிச்சட்டைக்கு விலை குறைத்துக் கேட்டாள். "எம்மா, இங்க அப்படிக் கேக்கக் கூடாதும்மா" என்று கிளாட்சன் காதுவரைக்கும் சிவந்தான். கேட்டால் என்ன? குறைத்துத்தானே கொடுத்தாள் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை? ஆக அன்றைக்கு அடுக்களையிலும் வாயைத் திறக்கவில்லை. பூசணி முடிந்து வெங்காயத்துக்குப் போனபோது மனுஷன் தானாக இறங்கினார். "சரி, உனக்கு என்ன வேணும், சொல்லு." "அங்க பியூலாவைப் பத்திப் பேசக் கூடாது. எந்தச் சபையிலயும், எந்த வீட்டிலயும். கிளாட்சன் முன்னால பேசவே கூடாது." அவர் நெடுநேரம் வெங்காயத்தைப் பார்த்தார். "சரி. பேசலை." சத்தியமெல்லாம் செய்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை, ஆமென்றால் ஆம்தான். அப்படித்தான் ஊருக்கெல்லாம் போதிக்கிறார்.

சைக்கிள் வந்துவிட்டது. சைக்கிளைத் திருடினவனே அதில் ஏறி ஞானஸ்நானத்துக்கு வந்த கதை. கிளாட்சன் நன்றாகத்தான் சொல்கிறான், கையை அவரை மாதிரியே ஆட்டுகிறான், அப்பன் 'நான்' என்கிற இடத்தில் இவனும் 'நான்' என்கிறான், அதுதான் முறை, மொழிபெயர்க்கிறவன் 'அவர்' என்று சொல்லக் கூடாது. இவன் வாயால் அவர் வார்த்தை வருகிறது. இந்த வாய் என்னிடம் பேசினதே கொஞ்சம். ஆறு வயசில் தமிழ்நாட்டுக்கு அனுப்பி, மிஷனரி பிள்ளைகள் ஹாஸ்டலில் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மே மாசம் வந்து இறங்குகிற பிள்ளை. தங்கச்சி செத்தது அவனுக்குக் கடிதத்தில் போய்ச் சேர்ந்தது, அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து. வார்டன் ஜெபம் செய்துவிட்டு வாசித்துக் காட்டினாராம். அடுத்த மே மாசம் வந்தவன் எதுவுமே கேட்கவில்லை. பியூலாவின் சிலேட்டை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான், கேட்காமல். அவளும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். அத்தோடு சரி. ஒன்பது வயசுப் பிள்ளை கேட்காமல் விட்டதை நாற்பத்தோரு வயசில் கேட்கவா போகிறான்? கேட்டால் என்ன சொல்லுவாள்? செவ்வாய்க்கிழமை என்று ஆரம்பிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாம். அதை நினைக்கக் கூடாது. ஹீட்டர் காற்று முகத்தில் வந்து அடித்தது, காய்ந்த காற்று, உதடு வெடிக்கிற காற்று. எல்லோர் காலிலும் பூட்ஸ், பூட்ஸைச் சுற்றிப் பனி உருகின தண்ணீர், ரோட்டில் போடுகிற உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக வளையம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா அவள் ஜாக்கெட் நுனியைப் பிடித்து முறுக்குவதைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினாள். "குளிருதோ அம்மா? இது இன்னும் குளிர் இல்லை. ஜனவரியிலே வந்து பாருங்கோ, மூக்கு எங்க எண்டு தேடுவியள்." ஞானசொர்ணம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். குளிரா? குளிரில்லை அம்மா. கோபம். அதற்கு ஜாக்கெட் கிடையாது.

முன்வரிசையில் நான்கு பையன்கள் தலையைக் குனிந்து போனைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். அதுதான் ஆபத்து. கூட்டம் கை நழுவுகிறது என்று தெரிந்தால் இந்த மனுஷன் பியூலாவைத்தான் எடுப்பார், வியாபாரம் படுத்தால் கடைக்காரன் அடியில் வைத்த நல்ல சரக்கை எடுத்து மேலே வைக்கிற மாதிரி. பாவி. பாவி என்று நினைத்ததும் பயம் வந்தது, தேவ ஊழியக்காரனைப் பாவி என்கிறாய். ஆமாம் என்கிறேன். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லுகிற கதையில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவள் சொன்னதாக வருகிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வானத்தைப் பார்த்து, "இவளை இந்த மண்ணிலயே விதைச்சிருவோம், அறுவடை ஆண்டவர் கையில" என்றாளாம். அந்த வரியில்தான் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். அந்த வரியில்தான் வாலிபர்கள் எழுந்து மேடைக்கு வருவார்கள். அவள் சொல்லவே இல்லை. அவள் எதையுமே சொல்லவில்லை. குழந்தை போனதிலிருந்து பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை, தண்ணி வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் வாய் மூடியிருந்த அந்தப் பதினோரு நாளில் இவர் அவளுக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் தடவை அதைக் கேட்டது எங்கே? நாசரேத்தில், ஜெபக்குழுக் கூட்டத்தில். ராத்திரி வரைக்கும் பொறுக்காமல், அங்கேயே, கைகழுவுகிற இடத்தில் மடக்கி, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள். அவர் நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். "சொல்லலையா? உன் முகம் அப்படித்தான சொர்ணம் சொல்லிச்சு." முகமாம். என் முகம் என்ன சொன்னது என்று உமக்குத் தெரியுமா? புதன்கிழமை என்று சொன்னது. அதை நீர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அடுத்த ஊரில் வாயைத் திறந்திருக்கமாட்டீர். ஆனால் அவளும் அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லையே. ஏன் பேசவில்லை? அந்த வரி பொய் என்று சொன்னால் நிஜம் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதனால்தான்.

சைக்கிள் முடிந்தது. ஜெபசிங் தண்ணீர் குடித்தார். மலேரியாவுக்குப் போகாமல், "இவ்வளவுதான், எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கொள்ளுங்க" என்றார். ஞானசொர்ணத்துக்கு மூச்சு வந்தது. அட, காப்பாற்றிவிட்டாரே. காப்பாற்றிவிட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவருக்குக் காப்பியை அவளே போட்டுக் கொடுப்பாள், மருமகளின் மெஷினை நம்பாமல். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து பாஸ்டர் நவராஜ் எழுந்தார். ஐம்பது வயசு ஆள், கோட்டு சூட்டு, நல்ல மனுஷன், அவர்களை ஏர்போர்ட்டுக்கே வந்து பார்த்தவர். "ஐயா, மன்னிக்கணும். ஒண்ணு மிச்சம் இருக்கு. எனக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது சென்னையில ஒரு கூட்டத்தில உங்க மகள் பியூலா சாட்சியைக் கேட்டேன். அன்னைக்குத்தான் நான் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். இந்தப் பிள்ளைகளும் அதைக் கேக்கணும். தயவுசெஞ்சு." ஆமென் என்று இரண்டு மூன்று குரல். போனைத் தேய்த்த பையன்கள் தலையைத் தூக்கினார்கள். ஞானசொர்ணம் பெப்பர்மின்ட்டைக் கடித்தாள், கடவாய்ப்பல்லில் சுரீரென்றது. இதற்கு என்ன செய்ய? ஒரு பொய் முளைத்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறதே, அதை யாரால் பிடுங்க முடியும்? நல்ல மனுஷன்தானே. இவர் ஜெபித்து எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் இவர் எங்கேயாவது பாங்கியில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கட்டும். பாங்கியில் உட்கார்ந்தால் கடவுளுக்குக் குறைந்தா போகும்? ஜெபசிங் அவளைப் பார்த்தார். மேடையிலிருந்து நேராக, மூன்றாவது வரிசைக்கு. அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். சந்தையில் கடைசி விலை என்று சொல்லிவிட்டு ஆட்டுகிற ஆட்டம் அது, அவருக்குத் தெரியும், நாற்பத்திமூன்று வருஷம் கூடக் குடித்தனம் செய்தவருக்குத் தெரியாதா. ஒரு நிமிஷம் அந்த முகத்தில் வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்த கிழவன் தெரிந்தான். அப்புறம் பாஸ்டரைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், நிமிர்ந்த நாற்பது முகத்தைப் பார்த்தார். "என் மனைவியின் அனுமதியோடு" என்று ஆரம்பித்தார். கை கண்ணாடிக்குப் போனது.

அனுமதியோடு. அனுமதியோடா! ஜிப்பா நுனி, இடது கண், வலது கண். "எங்களுக்கு பியூலான்னு ஒரு மகள் இருந்தா." கிளாட்சன் திரும்பி அப்பனைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னான். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள் என்றுதான் அவனும் சொல்லியிருப்பான், என் தங்கை என்று சொல்ல முறை இல்லை. "அவளுக்கு அஞ்சரை வயசு. திங்கக்கிழமை காய்ச்சல் வந்தது." திங்கட்கிழமை. ஆமாம், திங்கட்கிழமை சாயங்காலம். செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு, சொல்லுமேன், செவ்வாயைச் சொல்லும். ஒருநாளும் சொல்லமாட்டார், கதையில் திங்கட்கிழமைக்குப் பிறகு நேராகப் புதன்கிழமைதான். செவ்வாய்க்கிழமை மலைக்குக் கீழே டவுனுக்கு ஒரு பஸ் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிற பஸ். குழந்தையை முதுகில் கட்டி இறங்கினால் மூன்று மணி நேரத்தில் பஸ், ராத்திரிக்குள் ஆஸ்பத்திரி. அவள் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அவர் வாசலில் நின்றார். புதன்கிழமை புதுக் கோயில் பிரதிஷ்டை, பதினாறு மாசமாகக் கட்டின கோயிலில் முதல் ஆராதனை, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் ஜீப்பில் வருகிறார்கள், நூற்றைம்பது பேருக்குச் சமைக்க வேண்டும், நீ போய்விட்டால் யார் பார்ப்பது? காய்ச்சல்தானே, மாத்திரை கொடுத்திருக்கு, வியாழக்கிழமை ஜீப் திரும்பும்போது அதிலேயே போகலாம், சுகமாகப் போகலாம். வியாழன் ஆகாது என்றாள் அவள். இன்றைக்கே என்றாள். அவர் வியாழன் என்றார். அவள் இன்றைக்கு என்றாள். அவர் வியாழன் என்றார். அதற்கப்புறம் என்ன நடந்தது? வனக்காவலனிடம் இறங்காதவள், அரிசிக்காரனை அழவைத்தவள், அவள் என்ன செய்தாள்? குழந்தை அப்போது கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் அவள் இறங்கினாள். சரி, வியாழன் வேண்டாம், புதன் மத்தியானம், ஆராதனை முடிந்த கையோடு, சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜீப் கிளம்பணும் என்றாள். அவர் உடனே சரி என்றார். எதிராளி உடனே சரி என்றால் நாம் ஏமாந்தோம் என்று அர்த்தம், இதைச் சாத்தான்குளத்தில் பத்து வயசிலேயே படித்திருக்கிறாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, புதுக் கோயிலில் முதல் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது, அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களைக்குப் பின்னால் பாயில், பியூலா.

"என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்" என்றார் ஜெபசிங், குரலை ஒரு படி இறக்கி. கிளாட்சன் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். கிளாட்சன் மைக்கைப் பிடித்தபடி நின்றான், வாய் திறந்திருந்தது, அவன் கண் அவர்மேல் இல்லை, மூன்றாவது வரிசையில் இருந்தது. நாற்பத்தோரு வயசு மனுஷன், முன்மண்டை வழுக்கை விழுந்தவன், அம்மாவைப் பார்க்கிறான். 'என் மனைவி' என்று அவன் சொல்ல வேண்டும், அம்மாவை. அதற்கப்புறம் அந்த வரியையும் அவனே சொல்ல வேண்டும். அவன் வாயால் ஒரு தடவை அது வெளியே வந்துவிட்டால், அவளுக்கு வேறு கதை கிடையாது. அவனுக்கும் கிடையாது. பேத்தி கேட்டால் இதைத்தான் சொல்லுவான். "கிளாட்சன்" என்றார் ஜெபசிங் மெதுவாக. கிளாட்சன் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

ஞானசொர்ணம் எழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் தீர்மானிக்கவே இல்லை, ஜாக்கெட் சரசரத்ததைக் கேட்டுத்தான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது. "நான் வானத்தைப் பாக்கலை" என்றாள். பாஸ்டர் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு வரக் கிளம்பினார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள், வாரச் சந்தையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற குரல் அது. "நான் ஒண்ணும் சொல்லவும் இல்லை. விதைப்போம்னு ஒரு பேச்சு வரும் பாருங்க, அது என் பேச்சில்லை. அவரு பேச்சு." "சொர்ணம்" என்றார் ஜெபசிங். கண்ணாடி கையில் இருந்தது, அதில்லாமல் அவருக்கு அவள் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. "நீங்க இருங்க" என்றாள் அவள். பிறகு மகனைப் பார்த்தாள். "எய்யா, இதை அவங்களுக்குச் சொல்லு." அவன் சொன்னான். குரல் எழும்பவில்லை, மைக்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "செவ்வாக்கிழமை ஒரு பஸ்சு இருந்துச்சு" என்றாள். சொன்னான். "நான் அதுல போறேன்னேன். இவரு வியாழக்கிழமைன்னாரு." சொன்னான். இதோடு நிறுத்திவிடலாம். இதோடு நிறுத்தினால் பழி முழுக்க அந்த மேடையில் நிற்கும், கண்ணாடி இல்லாமல், எழுபத்தோரு வயசில். முப்பத்திரண்டு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் அதுதானே. நிறுத்து சொர்ணம். நியாயமான விலைதான். இந்த விலைக்கு யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், இதுவும் ஒரு புதன்கிழமைதான், பாதியில் இறங்கி முடிக்கிற பேரம்.

"நடுவுல புதன்கிழமைன்னு பேசி முடிச்சது நான்" என்றாள்.

கிளாட்சன் சொல்லவில்லை. "எம்மா" என்றான், மைக்கிலேயே, மே மாசத்தில் பெட்டியோடு வந்து இறங்குகிற பிள்ளையின் குரலில்.

"சொல்லுய்யா. நான் சொன்னபடியே சொல்லு. 'நான்'னே சொல்லு."

அவன் சொன்னான். ஜெபசிங் மேடைப் படியில் கையை ஊன்றி உட்கார்ந்தார். ஞானசொர்ணம் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கி மூச்சை இழுத்து, மகன் முடிக்கிறவரைக்கும் நின்று, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினாள்.